கூடாரமா, குலுக்கலா?

தட்டில் ஒரே ஒரு லட்டு இருக்கிறது. நீட்டிய கைகள் பன்னிரண்டு. யாருக்குக் கொடுப்பீர்கள்?

உலகம் தோன்றிய நாளிலிருந்து இதற்கு நாலே நாலு விடைதான். காசு அதிகம் தருகிறவனுக்கு. முதலில் வந்து நின்றவனுக்கு. சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பெயர் வந்தவனுக்கு. 'நீ நல்ல பையன், உனக்குத்தான்' என்று தகுதி பார்த்து ஒருவனுக்கு. (ஐந்தாவதாக, லட்டு வைத்திருப்பவரின் மச்சானுக்கு என்று ஒரு வழி உண்டு. அது தனிப் புத்தகமாகவே எழுத வேண்டிய சமாசாரம், இங்கே வேண்டாம்.)

இந்த நாலு வழியையும் ஒரே பொருளுக்கு, ஊருக்கு ஒரு தினுசாகச் செய்து பார்த்துக்கொண்டிருக்கும் தேசம் அமெரிக்கா. பொருள் என்ன தெரியுமா? பல்கலைக்கழகத்தின் சொந்த மைதானத்தில் நடக்கும் கூடைப்பந்து மேட்ச்சுக்கு மாணவர் டிக்கெட்!

"அதுக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் பொறுங்கள். எனக்குச் சம்பந்தம் இருக்கிறது. என் சித்தி பையன் அங்கே எம்.எஸ். படிக்கிறான். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள், இன்னும் அவன் டிகிரி வாங்கவில்லை. வீட்டுப் பத்திரத்தை பாங்க்கில் வைத்து லோன் வாங்கி அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு செமஸ்டரும் கட்டண ரசீது வந்தவுடன் சித்தி அதை எனக்கு அனுப்பிவிடுவாள். குடும்பத்தில் பி.காம். படித்தவன் நான் ஒருத்தன்தான். டெபிட் கிரெடிட் தெரிந்தவனுக்கு டாலரும் தெரியும் என்பது அவள் நம்பிக்கை.

போன தடவை ரசீதில் ஒரு வரி. மாணவர் விளையாட்டுக் கட்டணம்.

"ஏன்டா, இவன் படிக்கப் போனானா, பந்து ஆடப் போனானா?" என்றாள் சித்தி.

"ஆட இல்ல சித்தி, அடுத்தவன் ஆடறதைப் பார்க்க."

"பார்த்தானா?"

போனில் கேட்டேன். "எங்கண்ணா, டிக்கெட் கிடைச்சாத்தானே!" என்றான். கட்டணம் எல்லாருக்கும் உண்டு, ஸீட் எல்லாருக்கும் இல்லை. எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த பி.காம். அன்றைக்கு விழித்துக்கொண்டது.

முதலில் கொஞ்சம் பூர்வகதை. கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1891 டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில், குளிர்காலத்தில் பையன்கள் உள்ளே அடைந்து கிடந்து ரகளை பண்ணாமலிருக்க பீச் பழக்கூடை இரண்டை மேல்மாடக் கைப்பிடியில் மாட்டி ஆரம்பித்து வைத்தார். பிறகு கான்சஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கே முதல் பயிற்சியாளரானார். அந்தப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர்களிலேயே ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம் என்ற கணக்கு உள்ளவர் அவர் ஒருத்தர்தான். விளையாட்டைக் கண்டுபிடித்தவரே! 'தொழில் தெரிந்தவனுக்கு ஏன் இந்த கதி' என்று ஆபீசில் புலம்புகிற நண்பர்கள் இதைக் கத்தரித்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம்.

கல்லூரிக் கூடைப்பந்து அங்கே சாதாரண விளையாட்டு இல்லை. கோடிக்கணக்கில் டி.வி. பணம் புரளும் வியாபாரம். ஆனால் மாணவர்களுக்கு மட்டும் பல இடங்களில் டிக்கெட் இலவசம், அல்லது மலிவு. ஏன் இந்த தாராளம்? ரொம்ப நெகிழ்ந்துவிடாதீர்கள். வட கரோலினா மாநிலத்தின் டியூக் பல்கலைக்கழகத்தில் காமரான் உள்ளரங்கம் என்று ஒன்று. 1940-ல் திறந்தது. 9,314 பேர்தான் கொள்ளும். அதில் டி.வி. காமிராவுக்கு நேர் எதிரே, ஆட்டக்களத்தை ஒட்டினாற்போல் மாணவர்கள். முகத்தில் நீலச் சாயம் பூசிக்கொண்டு, கத்தி, குதித்து, எதிரணிக்காரன் பந்தை எறியும்போது பத்து விரலையும் ஆட்டிப் பயமுறுத்துவார்கள். 'காமரான் கிறுக்கர்கள்' என்றே செல்லப் பெயர். சத்தம்தான் அவர்கள் கொடுக்கும் விலை. பெரிய நன்கொடைக்காரர்கள் கைதட்டுவார்கள், ஆனால் முகத்தில் சாயம் பூசிக்கொள்ள மாட்டார்கள். ஆகவே மாணவனுக்குக் கிடைக்கிற சலுகை பாதி தர்மம், பாதி மேடை அலங்காரச் செலவு. நாங்கள் காலேஜில் இதை விளம்பரம் என்ற தலைப்பில் பற்று எழுதுவோம்.

சரி, அந்த மாணவர் பகுதியில் இளநிலை மாணவர்களுக்குச் சுமார் 1,200 இடம். மாணவர்களோ ஆறாயிரத்துக்கு மேல். எதிரி பத்து மைல் தூரத்தில் சேப்பல் ஹில்லில் இருக்கும் வட கரோலினா பல்கலைக்கழகம் என்றால் அத்தனை பேரும் வருவார்கள். என்ன செய்வது?

டியூக் கண்ட விடை, க்யூ. லேசான க்யூ இல்லை. 1986-ல் சில மாணவர்கள் அந்த மேட்ச்சுக்காக அரங்கத்துக்கு வெளியே புல்தரையில் கூடாரம் அடித்துப் படுத்தார்கள். அது வழக்கமாகி, ஊராகவே ஆகிவிட்டது. 1980 முதல் 2022 வரை அங்கே பயிற்சியாளராக இருந்த மைக் ஷிஷெவ்ஸ்கியின் பெயரால் ஷிஷெவ்ஸ்கிவில் என்று ஊருக்குப் பெயர். (இரண்டு தடவை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். அதனால்தான் அவரை 'கோச் கே' என்பார்கள்.) கொட்டுகிற குளிரில், ஜனவரி மாதம், வாரக்கணக்கில் மாணவர்கள் கூடாரத்தில் குடித்தனம் நடத்துகிறார்கள். விளக்குக் கம்பத்தில் வை-ஃபை உண்டு, பாடம் படிக்கலாம்.

ஒரு கூடாரத்துக்கு 12 பேர். கறுப்பு, நீலம், வெள்ளை என்று மூன்று வகை. கறுப்புதான் கடும் தவம். ராத்திரியில் 12-க்கு 10 பேர் அங்கேதான் தூங்க வேண்டும், பகலில் 2 பேராவது காவல் என்பது பல வருஷம் இருந்த விதி. கண்காணிப்பதும் மாணவர்களே. அகால நேரத்தில் சைரன் ஊதி அட்டெண்டன்ஸ் எடுப்பார்கள். ஆளில்லாமல் மாட்டிக்கொண்டே இருந்தால் அந்தக் கூடாரம் வரிசையில் கடைசிக்குப் போய்விடும். இது போதாதென்று கறுப்புக் கூடாரத்துக்கு ஒரு பரீட்சை வேறு, அணியின் சரித்திரம், ஆட்டக்காரர் விவரம் எல்லாம் கேட்டு! பாடத்துக்குக்கூட அவ்வளவு படித்திருக்க மாட்டார்கள்.

இதில் ஒரு அழகு இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஒரு மாசம் ஒன்றாக நடுங்கிய பன்னிரண்டு பேர் ஆயுசுக்கும் சிநேகிதர்களாக இருப்பார்கள். காத்திருந்து கிடைத்ததற்கு ருசியும் அதிகம். ஆசை இருக்கிறவனைப் பொறுக்கியெடுக்க இதைவிட நல்ல சல்லடை ஏது என்பார்கள்.

அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். 30 ராத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரிக்கு 6 மணி நேரம், 10 பேர். மொத்தம் 1,800 மணி நேரம். 12 டிக்கெட்டால் வகுத்தால் தலைக்கு 150. மணிக்கு 10 டாலர் என்று சுமாரான ஒரு கூலி வைத்தால்கூட 1,500 டாலர்! 'தூங்கினதுக்குக் கூலியா?' என்று சிரிக்காதீர்கள். ஜனவரியில் கூடாரத்தில் தூங்கிப் பார்த்துவிட்டுச் சிரிக்கலாம். ஆக, இலவச டிக்கெட் இலவசமே இல்லை. காசாக வாங்காமல் தூக்கமாக வாங்குகிறார்கள், அவ்வளவுதான். காசாக வாங்கியிருந்தாலாவது யாருடைய கல்லாவிலாவது விழுந்திருக்கும். அந்த 1,800 மணி நேரம் யாருக்கும் போய்ச் சேரவில்லை. பனியில் கரைந்துவிட்டது.

இன்னொன்று. காசு எல்லாரிடமும் ஒரே அளவு இல்லை என்று நமக்குத் தெரியும். நேரம் எல்லாருக்கும் 24 மணி என்று நினைக்கிறோம். கிடையாது சார். அப்பா பணம் அனுப்புகிற பையனின் ராத்திரி வேறு, லைப்ரரியில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிற பையனின் ராத்திரி வேறு. என் தம்பி வாரத்தில் நாலு ராத்திரி லைப்ரரி கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிறான். சக்கர நாற்காலியில் இருக்கிற மாணவி? ஆஸ்துமாக்காரன்? குழந்தையோடு படிக்கிற அம்மா? இவர்களுக்கு ஆசை குறைவு என்று எந்தச் சல்லடை சொல்லும்?

"அப்ப குலுக்கிப் போட்டுட வேண்டியதுதானே?"

சேப்பல் ஹில்லில் அதைத்தான் செய்கிறார்கள். அவர்கள் அரங்கம் பெரிசு, 20 ஆயிரத்துக்கு மேல் கொள்ளும். மாணவர்கள் கம்ப்யூட்டரில் பெயர் கொடுத்தால் போதும், குலுக்கலில் வந்தவர்களுக்கு டிக்கெட், எத்தனை மணிக்கு உள்ளே வரலாம் என்பது உள்பட. பனி இல்லை, சைரன் இல்லை. ஏழை, பணக்காரன், நோஞ்சான், பயில்வான் எல்லாருக்கும் ஒரே சீட்டு. ஆனால் இதிலும் ஓட்டை உண்டு. பெயர் கொடுக்கச் செலவில்லை என்றால் சும்மா போகிறவனும் கொடுப்பான். ஜெயித்தவன் அன்றைக்கு மழை என்று அறையிலேயே படுத்துவிடுவான். உயிரை விடுகிற ரசிகன் டி.வி.யில் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்து மூக்கைச் சிந்துவான்.

குலுக்கல் மனசை என்ன செய்கிறது என்பதற்கு ஒரு பிரபலமான ஆராய்ச்சி இருக்கிறது. ஸிவ் கார்மன், டான் ஏரியலி என்ற இரண்டு பேர் 2000-ல் வெளியிட்டது. டியூக் மாணவர்களில் குலுக்கலில் டிக்கெட் விழுந்தவர்களிடம், 'என்ன விலைக்கு விற்பாய்?' என்று கேட்டார்கள். விழாதவர்களிடம், 'என்ன விலைக்கு வாங்குவாய்?' என்றார்கள். வாங்க நினைத்தவர்கள் சொன்னது சராசரியாக 170 டாலர் வாக்கில். விற்கச் சொன்ன விலை? சுமார் 2,400 டாலர்!

நேற்று வரை இரண்டு பேரும் ஒரே மாதிரி ஆசைப்பட்டவர்கள்தான். கையில் சீட்டு வந்ததும் ஒருத்தனுக்கு அது பேரன் பேத்திக்குச் சொல்லப்போகிற சரித்திரமாகிவிட்டது. வராதவனுக்கு, 'அந்தக் காசில் வேறென்ன செய்யலாம்' என்ற யோசனை வந்துவிட்டது. 'யாருக்கு ரொம்ப ஆசையோ அவனுக்குக் கொடு, விலையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்' என்று என் காலேஜ் புத்தகங்கள் சொன்னதெல்லாம் இந்த இடத்தில் பல்லிளிக்கிறது. இன்றைக்கு நீ வரிசையின் எந்தப் பக்கம் நிற்கிறாய் என்பதே ஆசையின் அளவை மாற்றிவிடுகிறது.

ஏலம் விட்டால்? 2019 பிப்ரவரி 20-ம் தேதி நடந்த டியூக் - வட கரோலினா மேட்ச்சைச் சொன்னால் போதும். ஸயன் வில்லியம்ஸன் என்ற புயல் ஆடுகிறார் என்று வெளியே டிக்கெட் சில ஆயிரம் டாலருக்குக் கை மாறியது. முன்னாள் ஜனாதிபதி ஒபாமாவே வந்து உட்கார்ந்திருந்தார். ஆட்டம் ஆரம்பித்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, ஸயனின் ஷூ பிய்ந்து, முழங்கால் பிசகி, வெளியே போய்விட்டார். டியூக் 72-88 என்று தோற்றது. ஆயிரக்கணக்கில் கொடுத்தவனுக்கும் வாரக்கணக்கில் நடுங்கியவனுக்கும் அன்றைக்கு ஒரே அல்வா. 2022 மார்ச் 5-ல் கோச் கே சொந்த மைதானத்தில் கடைசியாக நின்ற மேட்ச்சிலும் அதே கதை: 81-94 என்று அதே எதிரியிடம் தோல்வி.

நாலாவது வழி தகுதி. தம்பியின் பல்கலைக்கழகம் இந்த ரகம். கூட்டம் வராத விளையாட்டுகளுக்குப் போனால் பாயின்ட். வாலிபால், மல்யுத்தம், ஏதோ ஒரு பிராந்தியத்து நீச்சல் போட்டி. பாயின்ட் சேர்ந்தால் பெரிய கூடைப்பந்து மேட்ச்சுக்கு முன்னுரிமை. தம்பி போனான். கார்டைத் தேய்த்துப் பாயின்ட் வாங்கிக்கொண்டு நழுவிவிடலாம் என்ற எண்ணத்தோடு பெண்கள் வாலிபாலுக்குப் போனவன், ஐந்தாவது செட் வரை உட்கார்ந்து தொண்டை கட்டிப்போய் வந்தான். இப்போது வாலிபாலுக்குப் பாயின்ட் இல்லாவிட்டாலும் போகிறான்!

நல்ல விஷயம்தான். ஆனால் ஆறு மணி மேட்ச்சுக்குப் போக முடிகிறவனுக்குத்தான் பாயின்ட். லேபில் மாட்டிக்கொண்டவன் மறுபடியும் கடைசி. தவிர, எதைச் சில்லறை விளையாட்டு என்று நினைத்துப் பாயின்ட் வைக்கிறோமோ, அது நாளைக்கு ராஜாவாகிவிடும். அயோவா பல்கலைக்கழகத்தில் கெய்ட்லின் கிளார்க் ஆடிய 2023-24 சீசனில் பெண்கள் கூடைப்பந்துக்கு சீசன் டிக்கெட் முழுக்க விற்றுத் தீர்ந்தது. 2024-ல் பெண்கள் இறுதிப் போட்டியை டி.வி.யில் பார்த்த கூட்டம், ஆண்கள் போட்டியைப் பார்த்ததைவிட அதிகம்.

ஆக, நாலு வழியிலும் நாலு ஓட்டை. புத்திசாலிகள் கலந்து அடிக்கிறார்கள். டியூக்கிலேயே முதுநிலை மாணவர்களுக்கு வேறு விதி. நம் ஊர்ப் பையன்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான். ஒரே ஒரு வார இறுதி, சுமார் 36 மணி நேரம் முகாம், நடுநடுவே அட்டெண்டன்ஸ். தாக்குப் பிடித்தவர்கள் பெயரையெல்லாம் குலுக்கி, வந்தவர்களுக்கு சீசன் டிக்கெட் வாங்கும் உரிமை. கான்சஸில் குழுவாகச் சேர்ந்து பெயர் கொடுத்தால், குலுக்கல் வரிசை எண்ணைத் தீர்மானிக்கிறது. பிறகு குழுவில் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் பகலில் அரங்கத்துக்குள் இருந்தால் போதும், ராத்திரி வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். நெய்ஸ்மித் தோற்றாலும் அவர் ஊர்க்காரர்களுக்கு மூளை இருக்கிறது!

என்னைப் பல்கலைக்கழக நிர்வாகத்தில் யாரும் கூப்பிடப் போவதில்லை. இருந்தாலும் பி.காம். சும்மா இருக்குமா? ஒரு திட்டம் தயாரித்தேன்.

ஒன்று: நாலில் மூன்று பங்கு இடம் குலுக்கல். ஆனால் நினைவாற்றல் உள்ள குலுக்கல். ஒரு தடவை விழாதவனுக்கு அடுத்த தடவை இரண்டு சீட்டு, அப்புறம் மூன்று. படித்து முடிப்பதற்குள் பெரிய மேட்ச் ஒன்றாவது பார்க்க எல்லாருக்கும் நல்ல வாய்ப்பு வரும்.

இரண்டு: மீதி ஒரு பங்கு கிறுக்கர்களுக்கு. கூடாரம் அடிக்கட்டும், ஒரே ஒரு வார இறுதிக்கு மட்டும். சத்தமும் வேண்டுமல்லவா?

மூன்று: வர முடியாதவன் முதல் நாளே திருப்பிக் கொடுத்தால் குற்றமில்லை. சொல்லாமல் காலி நாற்காலி வைத்தால் அடுத்த குலுக்கலில் பெயர் கிடையாது.

நாலு: நண்பர்கள் நாலைந்து பேர் ஒரே சீட்டாகப் பெயர் கொடுக்கலாம். தனியாக மேட்ச் பார்ப்பது தண்டனை. டிக்கெட் மாணவர் அடையாள அட்டையோடு ஒட்டியது, விற்க முடியாது.

பெருமையோடு தம்பிக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னான்: "எல்லாம் சரிண்ணா. ஆனா ஒரு பங்கைக் கூடாரத்துக்கு ஏன் விட்டீங்க? நான்தான் அங்க படுக்க முடியாதே!"

"டேய், வெறி பிடிச்சவனுக்கும் ஒரு இடம் வேணும்டா. நீ வாலிபால்ல கத்தின மாதிரி."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சரி, அஞ்சுல ஒரு பங்கு" என்றான். பேரம் படிந்தது.

போன டிசம்பரில் அவனுக்கு ஒரு டிக்கெட் கிடைத்தது. குலுக்கலும் இல்லை, பாயின்ட்டும் இல்லை. லீவில் அமெரிக்கப் பையன்களெல்லாம் வீட்டுக்குப் போய்விட்டார்கள், பெயர் தெரியாத ஒரு அணியோடு மேட்ச், கவுன்ட்டரில் கேட்டவனுக்கெல்லாம் கொடுத்தார்கள். விமானச் செலவுக்கு வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்ட வெளிநாட்டுப் பையன்களாகப் பார்த்து, முதல் வரிசையில் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கிருந்தே சித்திக்கு வீடியோ கால். இங்கே விடியற்காலை. சித்தி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஆறடி எட்டங்குலம், ஏழடிப் பையன்கள் ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கட்டணத்தில் சல்லிக்காசாவது வசூலானதில் முகத்தில் ஒரு திருப்தி.

பிறகு என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள்:

"ஏன்டா, இந்த உசரத்துக்கு இருக்கானுங்களே, இவனுங்க சாப்பாட்டுச் செலவும் அந்த ரசீதுலதான் வருதா?"